சரியாம்

‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ பத்தி யார்கிட்ட பேச்செடுத்தாலும் மொதல்ல வர்றது, “அந்த மீனை லவ் பண்ற படமா?”தான். கூடவே ஒரு சிரிப்பு. நானும் அப்படித்தான் சொல்லிட்டு திரிஞ்சேன், ஒளிக்க ஒண்ணும் இல்ல. 2018 மார்ச்ல ஆஸ்கர் குடுத்த ரெண்டு வாரத்துல ஒரு ராத்திரி லேப்டாப்ல போட்டு பாத்தேன், பாதி தூக்கம் பாதி போன், முடிஞ்சதும் ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல “கொழம்பு வெக்க வேண்டியதோட குடும்பம் நடத்திருக்காங்கப்பா”ன்னு ஒரு மொக்க ஜோக் போட்டுட்டு படுத்துட்டேன். நாலஞ்சு பேர் சிரிச்சு பொம்மை எல்லாம் போட்டிருந்தாங்க. ஆனா எனக்கு தூக்கம் வரல. படத்துல ஒரு துண்டு இடம், அரை நிமிஷம் கூட இருக்காது, அது போய் சரியா ஒரு பழைய சொத்தைப்பல்லை தொட்டுடுச்சு.

கதை தெரிஞ்சவங்க தாண்டி போயிடுங்க. 1962, அமெரிக்கால பால்டிமோர், அரசாங்கத்தோட ரகசிய ஆராய்ச்சிக்கூடம். ரஷ்யாவோட பனிப்போர் உச்சத்துல இருக்கற நேரம். அங்க தரை தொடைக்கற வேலை எலைசாவுக்கு, பேச வராது, ஆனா காது கேக்கும். தென்னமெரிக்க ஆத்துலேர்ந்து ஒரு நீர்மனுஷனை பிடிச்சிட்டு வந்து சங்கிலி போட்டு வெச்சிருக்காங்க, அந்த ஊர் ஜனங்க அதை சாமியா கும்பிட்டாங்களாம், இங்க அதுக்கு ஷாக் அடிக்கற தடி. அவ அதுக்கு அவிச்ச முட்டை கொண்டு போய் குடுக்கறா, ‘முட்டை’ன்னு கையால சொல்லித் தர்றா, அப்படியே ஒட்டிக்குது. அப்புறம் அதை தூக்கிட்டு வந்து தன்னோட வீட்டு குளியல் தொட்டியில வெச்சுடறா.

நான் சொன்ன இடம் இதுக்கப்புறம் வருது. காணாமப் போனதை தேடி, அந்த கூடத்துல அதுக்கு காவல் பொறுப்பா இருக்கற அதிகாரி ஸ்ட்ரிக்லேண்ட் எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கறான். எலைசாவையும் அவகூட வேலை பாக்கற ஸெல்டாவையும் எதிர்ல நிறுத்தி கேவலமா பேசறான். கிளம்பறப்போ எலைசா அவன் மூஞ்சிக்கு நேரா, நிதானமா, ஒவ்வொரு எழுத்தா விரல்ல ஒரு கெட்டவார்த்தை சொல்றா. கீழ அந்த எழுத்துங்க ஒண்ணொண்ணா வருது, தியேட்டர்ல விசில் பறந்திருக்கும். அவனுக்கு புரியல. என்ன சொல்றா, என்ன சொல்றான்னு கத்தறான். ஸெல்டா பட்டுன்னு சொல்றா, தேங்க்ஸ் சொல்றா சார்.

நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள வயித்துல என்னவோ ஒண்ணு கவுந்த மாதிரி ஆயிடுச்சு.

அத்தையோட வாய்

எங்க அப்பாவோட தங்கச்சிக்கு பொறவியிலேயே காது கேக்காது, அதனால பேச்சும் வரல. பள்ளிக்கூடம் அனுப்பல, சைகை மொழின்னு ஒண்ணு ஊர் உலகத்துல இருக்குன்னே எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. வீட்டுக்குன்னு ஒரு பாஷை தானா வளந்துச்சு. மீசைய முறுக்குனா அப்பா. மூக்கோட ரெண்டு பக்கமும் தொட்டா பாட்டி, ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்ததால. காதை பிடிச்சு முன்னாடி இழுத்தா அது நான், பொறக்கறப்பவே எனக்கு காது முறம் மாதிரி இருந்துச்சாம். பொய்ன்னா நாக்கை கன்னத்துக்குள்ள தள்ளி காட்டும். கழுத்துல மூணு முடிச்சு போடற மாதிரி செஞ்சா கல்யாணம், அதையே மூக்கை சுளிச்சுக்கிட்டு செஞ்சா வேண்டாத சொந்தக்காரங்க வீட்டு கல்யாணம். இந்த பாஷைய வீட்டுலயே நல்லா பேசுனவன் நான்தான், ஏன்னா என்னை இடுப்புல தூக்கி வளத்தது அத்தைதான், பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கை வந்துடுச்சுன்னு பாட்டி சொல்லும்.

அதனால வெளியாள் யார் வந்தாலும் நான்தான் அத்தையோட வாய். தையல் குடுக்க வர்றவங்ககிட்ட “நாளைக்குதான் ஆகுமாம்”. டாக்டர்கிட்ட “இங்க வலிக்குதாம்”. பாட்டிகிட்ட “வேணாமாம்”. இந்த ‘ஆம்’ இருக்கே, தமிழ்ல எவ்ளோ சின்ன ஒட்டு, ஆனா அதுக்குள்ள எவ்ளோ பெரிய தப்பிச்சல் இருக்கு பாருங்க. வலிக்குதாம்னா வலி எனக்கு இல்ல, வலிக்குதான்னு எனக்கு தெரியவும் தெரியாது, அவங்க சொன்னாங்க நான் சொல்றேன், அவ்ளோதான் என் பொறுப்பு. மழை வருமாம், விலை ஏறுமாம்னு சொல்றோமே அதே ஆம். அத்தையோட மொத்த மனசும் வெளியுலகத்துக்கு போனது இந்த ‘ஆம்’ங்கற சந்து வழியாத்தான்.

எனக்கு பத்து வயசு இருக்கறப்போ அத்தைய பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளைக்கு அது ரெண்டாம் கல்யாணம், மொத சம்சாரம் தவறிட்டாங்க. ரெண்டு பெரியவங்க, ஒரு அம்மா, அந்த மாப்பிள்ளை, நாலு பேர். அத்தை காபி குடுத்துட்டு வந்து கதவு நிலைல சாஞ்சு நின்னுச்சு, நான் அது புடவைய பிடிச்சுக்கிட்டு பக்கத்துல. பேச்சு எல்லாம் நல்லாத்தான் போச்சு. அதுல ஒரு பெரியவர் கொஞ்சம் நல்ல மனுஷன் போல, “எதுக்கும் பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமே”ன்னார். வீடே ஒரு நொடி முழிச்சுது, அதுவரைக்கும் யாருக்கும் அது தோணல. பாட்டி என்னைப் பாத்து “கேளுடா”ன்னுச்சு.

நான் கேட்டேன். அத்தை இடுப்புகிட்ட கைய தாழ்த்தி, எனக்கு மட்டும் தெரியற மாதிரி, சடசடன்னு சொல்லுச்சு. தாடையால அந்த ஆளை காட்டுச்சு. முகத்தை சுத்தி ஒரு வட்டம், இல்லன்னு தலையாட்டல். அப்புறம் விரல் நுனிய விரலால தேய்ச்சு காட்டுச்சு. அப்புறம் ரெண்டு விரலை கண்ணுலேர்ந்து கீழ இறக்கி, பாக்கறது. எனக்கு புரிஞ்சது இதுதான்: அந்தாளு என் முகத்தையே பாக்கல, என் கையத்தான் பாக்குறான். பத்து வயசுலயும் அது என்னன்னு எனக்கு புரிஞ்சுது, ரெண்டு புள்ளைங்க இருக்கற வீட்டுக்கு அவங்க தேடி வந்தது கையைத்தான்னு.

“என்னடா சொல்றா அவ?”

எல்லா மூஞ்சியும் என்னைப் பாக்குது. அப்பா குனிஞ்சு தரைய பாக்குறார். பாட்டியோட கண்ணு மட்டும் என்மேல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நான் சொன்னேன், “சரியாம்.”

எல்லாருக்கும் சிரிப்பு. அந்த அம்மா கன்னத்துல கைய வெச்சு சந்தோஷப்பட்டாங்க. மாப்பிள்ளை கூச்சப்பட்டு ரெண்டு கையையும் தோள் துண்டுக்குள்ள விட்டுக்கிட்டார். அத்தை எல்லார் மூஞ்சியையும் பாத்துச்சு, அப்புறம் என்னைப் பாத்துச்சு, கண்ணை விரிச்சு. அந்த பார்வை இருக்கே. அப்புறம் காலி டம்ளரை எல்லாம் தட்டுல அடுக்கி எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு.

அந்த சம்பந்தம் நடக்கல. பொறக்கற புள்ளைக்கும் இப்படி வந்துடுமோன்னு பயந்துட்டாங்கன்னு பின்னாடி அம்மா பேசி கேட்டேன். அதுக்கப்புறம் யாரும் வரல, அத்தை எங்க வீட்டுலயே தையல் மெஷினோட இருந்துடுச்சு. நடக்காத கல்யாணத்துக்கு நான் ஏன் குத்த உணர்ச்சியா திரியணும்னு கேக்கலாம். ஆனா அன்னைலேர்ந்து அத்தை என்கிட்ட பேசறது கொறஞ்சுடுச்சு. சாப்ட வா, கடைக்கு போ, தண்ணி வந்துடுச்சு, அவ்ளோதான். அந்த மூக்கை சுளிக்கற கதை எல்லாம் நின்னுடுச்சு. ஏன்னு எனக்கு தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஜைல்ஸ் சொன்ன ‘நான்’

அந்த ராத்திரிக்கு அப்புறம் படத்தை மறுபடி, இந்த தடவை போனை தூர வெச்சுட்டு, பாத்தேன். பாத்தப்போதான் தெரிஞ்சுது, இது மீனை லவ் பண்ற படமே இல்ல, ஒருத்தி சொல்றதை இன்னொருத்தர் எப்படி எடுத்து சொல்றாங்கங்கறதுதான் படம் முழுக்க. ஸெல்டா ஒரு மாதிரி சொல்றா. ஸெல்டாவோட புருஷன் வருஷக்கணக்கா வீட்டுல வாயே தெறக்காத ஆளு, கடைசில ஸ்ட்ரிக்லேண்ட் வந்து மெரட்டுனதும் வாயைத் தெறந்து எலைசாவை காட்டிக் குடுத்துடறான், இத்தனை வருஷம் பேசாதவன் இப்பவாவது பேசாம இருக்கக்கூடாதான்னு அவ கத்துவா. ஸ்ட்ரிக்லேண்டுக்கோ எலைசா பேசமாட்டாங்கறதுதான் பிடிச்சிருக்கு, அதை அவகிட்டயே சொல்றான், உடம்பு கூசும் அந்த சீன்ல.

எல்லாத்துக்கும் நடுவுல ஜைல்ஸ். பக்கத்து வீட்டு ஓவியர், வயசானவர், ஆம்பளைங்களை நேசிக்கறவர், 1962ல அதை வெளிய சொல்ல முடியாது. எலைசா பேசறது அவருக்கு புரியும், அவளுக்கு அவர்தான் துணை. அந்த உயிரை காப்பாத்தணும், உதவி பண்ணுங்கன்னு அவகிட்டேர்ந்து கேள்வி வந்ததும் மனுஷன் பதறிடறார், சட்டவிரோதம், அது மனுஷனே இல்லன்னு கோட்டை மாட்டிக்கிட்டு கிளம்ப பாக்கறார். அப்போ எலைசா ஒண்ணு செய்யறா. நான் சொல்றதை நீங்க வாய்விட்டு சொல்லுங்கன்னு நிக்கறா. அவளுக்கு காது கேக்கும், அவருக்கு சைகை புரியும், அப்புறம் எதுக்கு சத்தமா சொல்லணும்? அங்கதான் இருக்கு விஷயம். புரிஞ்சிடுச்சுன்னு தலையாட்டிட்டு நழுவறது ரொம்ப சுலபம், அவ அதுக்கு விடல. ஒவ்வொரு வார்த்தையும் அவர் நாக்கு வழியா வந்தாகணும்.

அவரும் சொல்றார், முனகிக்கிட்டு, எரிச்சலோட, அப்புறம் குரல் மாறிப்போய். அதைப் போலவே நானும் வாயை அசைக்கறேன் சத்தம் வரல, அப்போ நான் யாரு? அது என்னைப் பாக்கறப்போ எங்கிட்ட என்ன கொறையுதுன்னு அதுக்கு தெரியல, நான் எப்படி இருக்கேனோ அப்படியே பாக்குது, தினமும் என்னைப் பாத்து சந்தோஷப்படுது. இதை எல்லாம் அந்த மனுஷன் ‘நான்’னு சொல்றார். கவனிச்சீங்களா, ‘அவளுக்கு இப்படி இருக்காம்’ இல்ல, ‘நான்’. அறுபது தாண்டுன ஒரு ஆம்பளை வாயிலேர்ந்து ஒரு பொம்பளையோட ‘நான்’ வருது. எலைசாவா நடிச்ச சேலி ஹாக்கின்ஸ் மூஞ்சி செவந்து, கைய வீசி வீசி, நெஞ்சை அடிச்சுக்கிட்டு பேசறாங்க, ஜைல்ஸா நடிச்ச ரிச்சர்ட் ஜென்கின்ஸ் அதை தாங்க முடியாம திணறுறார். படத்துல எனக்கு இதுதான் காதல் காட்சி. குளியலறைல தண்ணி நெறைச்சு கட்டிப்பிடிக்கறது எல்லாம் இதுக்கப்புறம் வர்ற அலங்காரம்.

அத்தைக்காக நான் ஒரு தடவை கூட ‘நான்’னு சொன்னதில்ல.

தங்கச் சிங்கமும் மீதியும்

இந்த படத்துக்கு விருது குடுத்ததுல என்ன பெருசா இருக்குன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. 2017 செப்டம்பர்ல வெனிஸ் திரைப்பட விழாவுல மொத பரிசான தங்கச் சிங்கம், அப்புறம் ஆஸ்கர்ல 13 பரிந்துரை, 4 விருது: சிறந்த படம், இயக்குநர், கலை இயக்கம், அலெக்சாந்தர் தெஸ்ப்லாவோட இசை. ஃபேன்டஸின்னு முத்திரை குத்துன படத்துக்கு சிறந்த படம் விருது அவ்வளவு சுலபத்துல குடுக்க மாட்டாங்க, அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு வாங்குனது 2004 விழாவுல, மோதிரத்தை அழிக்க போற ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையோட மூணாவது பாகம், அது மலை மாதிரி செலவு பண்ண படம். இது ஏறக்குறைய 2 கோடி டாலர்தான், ஹாலிவுட் கணக்குல சில்லறை. இயக்குநர் கியேர்மோ டெல் டோரோ மெக்சிகோக்காரர், மேடையில நான் ஒரு குடியேறின்னு சொல்லித்தான் பேசினார், சுவர் கட்டுவேன்னு ஒருத்தர் அங்க ஆட்சியில உக்காந்திருந்த நேரம் அது. (முந்துன வருஷம் உறை மாறி வேற படத்தோட பேரை வாசிச்சு கூத்தடிச்சாங்களே, அதனால மனுஷன் உறைய வாங்கி தன்னோட படம்தானான்னு பாத்துட்டுதான் பேச ஆரம்பிச்சார், எனக்கு அந்த விழாவுலயே பிடிச்சது அதுதான்.)

அவர் ஆறு வயசுல டிவில ஒரு 1954ஆம் வருஷத்து படத்தைப் பாத்திருக்கார், கறுப்பு ஏரியில வாழற செதில் மனுஷன், வெள்ளை நீச்சல் உடையில ஒரு பொண்ணு, அவ மேல நீந்த அது கீழ நீந்தும். படம் அதை பூதம்னு சொல்லி சுட்டுத் தள்ளிடுது. பையனுக்கு அது ரெண்டும் சேரணும்னு ஆசை. சேரல. அந்த ஆசைய ஐம்பது வயசு வரைக்கும் கட்டிக்காத்து ஒரு படமா எடுத்துட்டார். ஆறு வயசுல நடந்த ஒரு விஷயத்தை ஐம்பது வயசுல திருத்தி எழுதற ஆளுங்களை எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னு சொல்ல வேண்டியதில்ல.

குறையும் இருக்கு, சொல்லிடறேன். சேலி ஹாக்கின்ஸ் பேசக்கூடியவங்க, சைகை மொழிய படத்துக்காக கத்துக்கிட்டவங்க, பேச முடியாத ஒருத்தருக்கே குடுத்திருக்கலாமேன்னு மாற்றுத்திறனாளிகள் பலர் எழுதுனாங்க, நியாயமான கேள்வி. 2022ல காது கேக்காத பாத்திரங்கள்ல காது கேக்காத நடிகர்களே நடிச்ச ‘கோடா’ படத்துக்கு அதே சிறந்த படம் விருது கெடைச்சப்போ அந்த கேள்விக்கு பாதி பதில் வந்துச்சு. இன்னொண்ணு, பேச முடியாதவளுக்கு மனுஷங்க நடுவுல ஜோடி கெடையாது, தண்ணிக்குள்ளதான் போகணுமான்னும் கேட்டாங்க. முன்னாடி நான் அதுக்கு, மனுஷனுக்குன்னு பேச்செடுத்தா உயிரோட இருக்கமாட்டேன்னு பாடுன ஆண்டாளை இழுத்து வக்காலத்து வாங்குவேன். இப்போ வாங்கறதில்ல. எனக்கே கடைசி காட்சி உறுத்துது. கழுத்துல இருந்த தழும்பு செவுளா தெறக்குது, அப்போ அவ பொறப்புலயே அந்த இனமோன்னு ஒரு முடிச்சு. அழகாத்தான் இருக்கு, ஆனா அவ அந்த இனம்னா ‘என் குறை அதுக்கு தெரியல’ன்னு சொன்னதுக்கு என்ன மதிப்பு? சொந்தத்துல கட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுதே. வேற வேறயா இருந்துக்கிட்டே பாத்ததுதான பெருசு.

அத்தையோட உக்காந்து

போன வருஷம் அத்தைக்கு கண்ணு ஆபரேஷன் பண்ணி, எங்க வீட்டுல ரெண்டு மாசம் இருந்துச்சு. கண்ணு தெளிஞ்சதும் டிவி முன்னாடியே உக்காந்திருக்கும். ஒரு நாள் வீட்டுல யாரும் இல்ல, நானும் அத்தையும் மட்டும். என்ன தோணுச்சோ, இதைப் போட்டேன்.

போட்ட அஞ்சாவது நிமிஷத்துலயே வம்பு. எலைசா முட்டைய வேகவெச்சுட்டு, மணி அடிக்கறதுக்குள்ள குளிக்கப் போவா, பாத்தவங்களுக்கு தெரியும் அங்க என்ன நடக்குதுன்னு. நான் அவசரமா ஓட்டி விட்டேன். அத்தை தொடைல ஒரு அடி அடிச்சு, நாக்கை கன்னத்துக்குள்ள தள்ளி காட்டுச்சு. பொய். திருப்பி வெய்யின்னுச்சு. வெச்சேன், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அத்தை பாத்துட்டு, முட்டை வெந்துடுச்சான்னு கேட்டுச்சு, அவ்ளோதான்.

அப்புறம் கேள்வி மேல கேள்வி. ஆரம்பத்துல வீடே தண்ணிக்குள்ள மெதக்குதே, அவ தூங்கிக்கிட்டே மெதக்கறாளே, மூச்சு எப்படின்னு. அதுல சொட்டு தண்ணி கெடையாது, ரூம் முழுக்க புகைய போட்டு, ஆளையும் நாற்காலியையும் கம்பில தொங்கவிட்டு, அலை அலையா வெளிச்சத்தை அடிச்சு, தலைமுடி ஆட ஃபேன் வெச்சு எடுத்ததுன்னு கையால சொல்ல எனக்கு பத்து நிமிஷம் ஆச்சு. பொம்மலாட்டம் மாதிரின்னு கயிறை ஆட்டி காட்டுனதும் பளிச்சுன்னு புரிஞ்சுது. அந்த செதில் உடம்புக்குள்ள டக் ஜோன்ஸ்னு ஒரு ஒல்லி மனுஷன் இருக்கார்னதை மட்டும் கடைசி வரைக்கும் நம்பல. அது ஜைல்ஸோட பூனைய தின்னப்போ சேலைத்தலைப்பால கண்ணை மூடிக்கிச்சு. குளியலறை முழுக்க தண்ணிய நெறைச்சு கீழ இருக்கற சினிமா கொட்டாய்ல ஒழுகுற சீன்ல, நான் உருகிப்போய் உக்காந்திருக்கேன், அத்தை என்னை இடிச்சு கேக்குது, இவ தரை தொடைக்கறவதான, இதை எல்லாம் யாரு தொடைப்பான்னு.

ஜைல்ஸ் சீன் வந்தப்போ நிறுத்தி நிறுத்தி போட்டேன். எலைசாவோட சைகை அத்தைக்கு புரியாது, அது அமெரிக்கா பாஷை. ஜைல்ஸ் பேசறது கேக்காது. கீழ ஓடற எழுத்து தெரியாது. அதனால அவ சொன்னதை அவர் சொல்றதை நான் சொல்லணும். நானும் சொன்னேன், என் நெஞ்சைத் தொட்டு, எலைசா மாதிரியே, ‘நான்’னு. எங்கயும் சுருக்கல. அத்தை படத்தை விட்டுட்டு என் கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. முடிஞ்சதும் ஒண்ணும் சொல்லல, தலைய மட்டும் லேசா ஆட்டுச்சு. அன்னைக்கு கேட்டுடணும்னு எனக்கு தொண்டை வரைக்கும் வந்துச்சு, கை வரைக்கும் வரல.

அப்புறம் அந்த விரல் சீன். அந்த ஜீவன் ஸ்ட்ரிக்லேண்டோட ரெண்டு விரலை ஆரம்பத்துலயே கடிச்சு துப்பிடும், டாக்டருங்க திருப்பி வெச்சு தைச்சிருப்பாங்க, ஆனா ஒட்டாது, படம் நெடுக அழுகி கறுத்துக்கிட்டே வரும். ஸெல்டா வீட்டுக்குள்ள புகுந்து மெரட்டறப்போ அவனே அந்த கறுத்த விரலை பிச்சு எறிவான். நான் மூஞ்சிய சுளிச்சேன். அத்தை பாத்தா சத்தம் வராம குலுங்கி குலுங்கி சிரிக்குது. திரைல அந்த விரலைக் காட்டி, தன் கழுத்துல மூணு முடிச்சு போட்டு, மூக்கை சுளிச்சுது. எனக்கு புரியல. என் காதைப் பிடிச்சு இழுத்து, நீதான்டா இருந்தியேன்னுச்சு. இடுப்புகிட்ட கைய தாழ்த்தி மறுபடி செஞ்சு காட்டுச்சு, அதே சைகை, ஒண்ணு மாறல: தாடையால அந்த ஆளு. முகத்தை சுத்தி வட்டம், இல்ல. விரல் நுனிய தேய்ச்சு. கண்ணுலேர்ந்து ரெண்டு விரல்.

மூஞ்சிய பாக்காத, அவன் நகத்தைப் பாரு. கன்னங்கரேல்னு.

அன்னைக்கு அத்தை சொன்னது அதுதான். சம்மதமும் இல்ல, வருத்தமும் இல்ல, மாப்பிள்ளையோட அழுக்கு நகத்தைப் பத்தி எனக்கு ஒரு கிசுகிசு. நான் சேர்ந்து சிரிப்பேன்னு சொல்லிருக்கு.

எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, படத்தை நிறுத்திட்டேன். அத்தை நிறுத்தல. நீ அதை அப்படியே சபைல போட்டு ஒடைச்சிட்ட, எல்லாரும் சிரிச்சாங்க, அந்தாளு கைய துண்டுக்குள்ள ஒளிச்சுக்கிட்டானேன்னு, துண்டுக்குள்ள கைய விடற மாதிரியே நடிச்சு காட்டி, கண்ணுல தண்ணி வர சிரிக்குது. அதனாலதான் அவங்க திரும்ப வரல, நல்லதா போச்சு, ஆனா உன்கிட்ட ரகசியம் சொல்லக்கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நீ ஓட்டைவாய்ன்னு, வாய்க்கு கீழ கைய விரிச்சு பொலபொலன்னு கொட்டற மாதிரி காட்டுச்சு.

நான் சும்மா உக்காந்திருந்தேன். அப்படியே விட்டிருக்கலாம், அத்தைக்கு அது முப்பது வருஷத்து சந்தோஷமான கதை. ஆனா அத்தை என் மூஞ்சிய உத்து பாத்துடுச்சு. சிரிப்பு நின்னுச்சு. நாக்கு கன்னத்துக்குள்ள போச்சு. அப்போ என்னதான்டா சொன்னன்னு கேட்டுச்சு.

எங்க வீட்டு பாஷைல ‘சரி’ங்கறதுக்கு ஒரு தடவை கண்ணை மூடித் தெறக்கணும், அவ்ளோதான். அதுல ‘ஆம்’ எல்லாம் சேக்க முடியாது. என் நெஞ்சைத் தொட்டேன். கண்ணை மூடித் தெறந்தேன்.

அத்தை கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கிட்ட வந்து உச்சந்தலைல ணங்குன்னு ஒரு குட்டு வெச்சுது, நல்லாவே வலிச்சுது. வெச்சுட்டு திரும்பி உக்காந்து டிவிய காட்டி, போடுன்னுச்சு.